ரோல் பிளே என்றால் மேடை நாடகமா? செவிலியர் வகுப்பில் பாத்திரமேற்பு: ஒரு விவாதம்

நெல்லை டியூட்டர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகளாகச் செவிலியர் கல்லூரிகளில் மகப்பேறு, சமூகநலப் பாடங்களை எடுத்து வருகிறேன். எனக்கு நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு செய்தி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகு இங்கே எழுதியே ஆகவேண்டும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தாய்ப்பால் வாரத்துக்காக எங்கள் மூன்றாமாண்டு மாணவியர் ஒரு ரோல் பிளே நடத்தினார்கள். மேடை, ஒலிபெருக்கி, சுங்குடிச் சேலை, நரைக்காகத் தலையில் கொட்டிய பவுடர் என்று எதிலும் குறை வைக்கவில்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட (தாய்ப்பாலுக்கு முன்பே நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க) வரும் மாமியாரைச் செவிலியர் தடுத்து, சீம்பாலின் சிறப்பையும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டியதன் காரணத்தையும் எடுத்துச் சொல்வதுதான் கதை. பன்னிரண்டு நிமிடம். அரங்கம் கைதட்டியது, பரிசும் கொடுத்தோம்.

மறுநாள் பிரசவித்த தாய்மார் வார்டில், குழந்தைக்குப் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு ஓர் உண்மையான பாட்டி நின்றார். முந்தைய நாள் மேடையில் செவிலியராக நடித்த அதே மாணவிதான் அன்று அந்தக் கட்டிலுக்குப் பொறுப்பு. அவள் மனப்பாடமான வசனத்தைத் தொடங்கினாள். பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எம்மா, நாலு பிள்ளைக்கும் சேனை தொட்டுத்தான் வளர்த்தேன். எது கெட்டுப்போச்சு, சொல்லு பார்ப்போம்?” மாணவி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால், எங்கள் நாடகத்தில் மாமியார் மூன்றாவது வசனத்திலேயே “சரி சிஸ்டர், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்” என்று ஒத்துக்கொண்டுவிடுவார். ஒத்துக்கொள்ளாத மாமியாரை அந்தப் பெண் அதுவரை எதிர்கொண்டதே இல்லை. அவளுக்கு அப்படியொரு மாமியாரைக் கொடுக்காதது எங்கள் தவறு.

இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தைத் திறந்தால், கற்பித்தல் முறைகளுக்கான பத்தியில் பல அலகுகளுக்கு நேரே ‘ரோல் பிளே’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதை எப்படி நடத்துவது என்பது ஆசிரியரின் கையில் விடப்பட்டிருக்கிறது. நாம் பெரும்பாலும் அதை ஆண்டுவிழா நாடகமாக்கிவிட்டோம் என்பது என் குற்றச்சாட்டு. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. உங்கள் கல்லூரிகளில் இது எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

---

வார்டு சிஸ்டர்

டியூட்டர் மேடம் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசு மருத்துவமனை வார்டில் இருப்பவள். என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவியரை வைத்தே பேசுகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது கட்டில் உள்ள வார்டில் அறுபது நோயாளிகள் இருக்கிறார்கள். வலி, பயம், கோபம், பணமில்லாத கவலை, சண்டைக்கு வரும் அட்டெண்டர் (நோயாளியோடு தங்கும் உறவினர்) என்று எல்லாமே அங்கே இருக்கிறது. இத்தனை உண்மையை எதிரில் வைத்துக்கொண்டு, கல்லூரி அறைக்குள் பொய்யாக ஒருத்தி நோயாளியாகவும் இன்னொருத்தி செவிலியராகவும் எதற்காக நடிக்கவேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீச்சலைக் கிணற்றில்தானே கற்கவேண்டும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்படி நடித்துப் பழகிய மாணவியர் வார்டுக்கு வந்து, “உங்கள் உணர்வுகளை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது” என்று ஆங்கிலப் பாடநூலை அப்படியே தமிழாக்கிப் பேசுகிறார்கள். கால் அகற்றப்பட்ட ஒரு பெரியவரிடம் ஒரு பெண் இப்படிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “தாயீ, அந்தத் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வை, அது போதும்” என்றார். எங்கள் காலத்தில் மூத்த சிஸ்டர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டோம்.

---

நெல்லை டியூட்டர்

சிஸ்டர், தலையணை சொன்ன பாடம் எனக்கும் பாடம்தான். இருந்தாலும் ஒரு மறுப்பு.

பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பதில் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே வரும். அட்டெண்டரை அதட்டும் குரலையும், பிரசவ வலியில் கத்தும் பெண்ணைக் குத்திப் பேசும் வார்த்தையையும் எந்தப் பாடநூலும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் அவை தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் கைமாறி வருகின்றன. அவற்றையும் நம் பெண்கள் பார்த்துத்தான் கற்றார்கள்.

அடுத்தது, ஊசி போடுவதை நாம் முதல் நாளே நோயாளியின் கையில் பழகவிடுவதில்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காக மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி 1911இல் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். ‘மிஸஸ் சேஸ்’ என்ற அந்தப் பொம்மையின் பேத்திகள்தாம் இன்று நம் திறன் ஆய்வகத்தில் படுத்திருக்கும் டம்மிகள். கைக்கு இப்படி நூறாண்டுக்கும் மேலாக ஒத்திகை கொடுத்துவிட்டு, நாக்குக்கு மட்டும் நேரடியாக வார்டு என்கிறோம். மகன் இறந்த செய்திக்குப் பின் ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்வதை ஒரு மாணவி முதன்முறையாக அந்தத் தாயிடமே பழகலாமா? அங்கே தவறாக ஒரு சொல் விழுந்தால், ‘நில், மறுபடியும் முதலிலிருந்து பேசிப் பார்’ என்று நானோ நீங்களோ சொல்ல முடியாது. வகுப்பறையில் சொல்ல முடியும். பாத்திரமேற்பின் முழுப் பயனும் அந்த ‘நில்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பேன். நம் மேடை நாடகத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. நிறுத்தினால் நாடகம் கெட்டுவிடும்.

---

மூன்றாமாண்டு

மேடம், சிஸ்டர் இருவருக்கும் வணக்கம். நான் வேறொரு மாவட்டத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கும் மாணவன். மாணவர்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் ரோல் பிளே என்று அறிவித்தவுடன் என்ன நடக்கும் என்றால், நன்றாக ஆங்கிலம் எழுதும் ஒருத்தி இரவோடு இரவாக வசனம் எழுதுவாள். அதை ஐந்து பேர் மனப்பாடம் செய்வோம். மீதி ஐம்பத்தைந்து பேர் பார்வையாளர்கள். நோயாளியும் ஆங்கிலத்தில் பேசுவார். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பாட்டி “ஐ ஆம் ஹேவிங் அப்டாமினல் பெயின்” என்று சொல்லப்போகிறாரோ தெரியவில்லை. ஆண் மாணவர்களுக்கு எப்போதும் குடிகாரக் கணவன் அல்லது டாக்டர் வேடம்தான். மதிப்பெண் உண்டு என்பதால் யாரும் தடுமாறுவதற்குத் தயாராக இல்லை. தடுமாறினால் ஒரு பட்டப்பெயர் விழும், அது நான்காம் ஆண்டு வரை ஒட்டிக்கொண்டு வரும்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே உதவிய ரோல் பிளே ஒன்று விடுதியில் நடந்தது. முதல் இரவுப்பணிக்கு முந்தைய நாள் ஒரு சீனியர் அண்ணன், “நான்தான் டியூட்டி டாக்டர், தூங்கிக்கொண்டிருக்கிறேன், இப்போது எனக்கு போன் செய்” என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் போன் செய்து, “சார், பேஷண்ட் சரியில்லை சார்” என்றேன். அவர் “சரியில்லை என்றால் என்ன? காலையில் பார்க்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார். நான்கு முறை அவர் அப்படி வைத்த பிறகுதான் எனக்குப் பேச வந்தது. அது பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு.

---

ஐசியூ இரவுப்பணி

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். உங்கள் சீனியர் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நள்ளிரவு இரண்டு மணிக்குச் செவிலியர் மருத்துவரை எழுப்புவது வெறும் தகவல் தொடர்பு இல்லை. அதில் படிநிலை, பயம், திட்டு வாங்கிய பழைய நினைவு எல்லாம் கலந்திருக்கின்றன. இதற்காகவே எஸ்பார் (SBAR) என்ற, தகவலைச் சொல்லும் ஒழுங்கு வந்தது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பின்னர் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவ உலகுக்கு வந்தது அது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கே படிகள்தாம். இதை எல்லாக் கல்லூரியிலும் சொல்லித் தருகிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள். ஆனால் மதிப்பீடு வரை சரியாகச் சொல்லிக்கொண்டு வரும் பெண், நான்காவது படியில் வாயடைத்துப் போகிறாள். பரிந்துரை என்பது ஒரு செவிலியர் மருத்துவரிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று கேட்பதாயிற்றே! வாயைத் திறந்து அதைச் சொல்லும் துணிச்சல், தாளில் எழுதுவதால் வராது.

நான் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைத்தான் நடிக்க வைக்கிறேன். இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரவேண்டும், ஏனென்றால் போனில் முகம் தெரியாது. மருத்துவராக இருப்பவருக்கு நான் தனியாகச் சொல்லும் கட்டளை ஒன்றுதான்: இரண்டு முறை தட்டிக் கழிக்கவேண்டும். எதிர்முனையில் இருப்பவர், “டாக்டர், ஏழாவது கட்டில், சுகப்பிரசவமாகி ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அரை மணி நேரத்தில் இரண்டு பேடு நனைந்துவிட்டது, நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 90க்கு 60, கர்ப்பப்பை தளர்ந்திருக்கிறது, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்று நினைக்கிறேன், நீங்கள் இப்போதே வரவேண்டும்” என்று சொல்லி முடிக்கும் வரை விடுவதில்லை. பெரும்பாலானோர் ‘வரவேண்டும்’ என்பதை ‘வர முடியுமா சார்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கே சில நாட்களில் அரை மணி நேரம் ஆகிறது.

---

லீட்ஸிலிருந்து

வெளிநாடு வரும் செவிலியர்களுக்கு ரோல் பிளே என்றவுடன் மேடை நினைவுக்கு வராது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி (OET) தான் நினைவுக்கு வரும். நான் அதை இரண்டு முறை எழுதியவள் என்பதால், டியூட்டர் மேடத்துக்குப் பயன்படக்கூடிய ஒரு நுட்பத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஏறக்குறைய ஐந்து ஐந்து நிமிடத்தில் இரண்டு ரோல் பிளே உண்டு. நம் கையில் ஓர் அட்டை தருவார்கள். படித்துத் தயாராக மூன்று நிமிடம் வரை கிடைக்கும். எதிரில் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுபவரிடமும் ஓர் அட்டை இருக்கும், ஆனால் அது வேறு அட்டை. அவருடைய பயம், பிடிவாதம், அவர் கேட்கப்போகும் கேள்வி எல்லாம் அதில்தான் இருக்கும், நமக்குத் தெரியாது. முதல் முறை நான் என் அட்டையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் ஒப்பித்துவிட்டு வெளியே வந்து தோற்றேன். 2018 செப்டம்பருக்குப் பிறகு, நோயாளியின் பார்வையைப் புரிந்துகொண்டாரா, உறவை எப்படி ஏற்படுத்திக்கொண்டார் என்பவற்றுக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. நான் பேசிக்கொண்டே இருந்ததால், எதிரில் இருந்தவரின் அட்டையில் என்ன இருந்தது என்று எனக்குக் கடைசி வரை தெரியவே இல்லை.

இங்கே இங்கிலாந்துக்கு வந்த பிறகு செவிலியர் பதிவுக்கான செய்முறைத் தேர்வு இருக்கிறது. அதிலும் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருக்கும் அறைகள் உண்டு. கதவைத் திறந்து, பெயரைச் சொல்லி, கையைச் சுத்தம் செய்து, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்பதிலிருந்தே தேர்வு தொடங்கிவிடும். ஊரில் நான்கு ஆண்டு படித்தும் நோயாளியிடம் ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்’ என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. பாட்டி, அக்கா, ஐயா என்று கூப்பிட்டுப் பழகியதால் அந்தக் கேள்விக்கே நம் ஊரில் தேவை வந்ததில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

---

நெல்லை டியூட்டர்

இரண்டு அட்டை! எங்கள் நாடகத்தில் மாமியாரும் செவிலியரும் ஒரே தாளைப் பார்த்துப் படித்ததுதான் கோளாறு என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. மாமியார் என்ன சொல்லப்போகிறார் என்பது செவிலியருக்கு முன்பே தெரிந்துவிட்டால், கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. மிக்க நன்றி, லீட்ஸ் சிஸ்டர்.

---

மனநலப் பிரிவு

உற்சாகத்துக்கு நடுவே ஓர் எச்சரிக்கையையும் வைக்க விரும்புகிறேன்; இழை முடிந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

பாத்திரமேற்பு ஒரு மருந்தைப் போன்றது. அதற்குப் பக்கவிளைவு உண்டு. இந்த முறைக்கு வேர் போட்டவர்களில் முதன்மையானவரான ஜேக்கப் மொரேனோ ஒரு மனநல மருத்துவர் என்பதையும், 1921இல் வியன்னாவில் அவர் முன்கூட்டி எழுதாத வசனங்களோடு மேடையேறியது பொழுதுபோக்குக்காக இல்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர் இன்னொருவராகிப் பேசும்போது, அவரே எதிர்பாராத எதுவோ உள்ளிருந்து கிளம்பிவிடும் என்று கண்டதால்தான் அதை அவர் சிகிச்சையாக்கினார்.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், இறக்கும் நிலையில் உள்ள நோயாளியின் மகளாக நடிக்குமாறு ஒரு மாணவியிடம் சொன்னார்கள். அவளுடைய தந்தை ஐந்து மாதத்துக்கு முன்புதான் இறந்திருந்தார் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. அவள் மிக நன்றாக ‘நடித்ததாக’ வகுப்பு கைதட்டியது. அன்று இரவு விடுதியில் அவளை யாராலும் தேற்ற முடியவில்லை. அந்தக் கைதட்டலை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு, எந்தச் சூழல் நடிக்கப்படவிருக்கிறது என்பதை இரண்டு நாள் முன்பே அறிவித்துவிடுகிறேன். காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்துவிடுகிறேன். நடித்து முடித்தவுடன் அந்த நாற்காலியை விட்டு எழுந்து, வேறு இடத்தில் உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, தனக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப்போல் இருக்கும்; வேடத்தைக் கழற்றிவைக்க அது உதவுகிறது.

மனநோயாளிகளை நடிக்கும் காட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனக்குத்தானே சிரிப்பது, காற்றைப் பார்த்துப் பேசுவது, தலைமுடியைக் கலைத்துக்கொள்வது என்று சினிமாவில் பார்த்ததைச் செய்து வகுப்பைச் சிரிக்க வைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் கண்ணியத்தை உரிமையாகச் சொல்லும் நாட்டில், அதே சட்டத்தைப் படிக்கும் வகுப்பறையில் இது நடக்கிறது. நான் இதற்கு ஒரு மாற்று செய்கிறேன். நோயாளியாக யாரையும் நடிக்கவிடாமல், செவிலியராக இருப்பவரின் இரு காதருகிலும் இருவர் நின்று இடைவிடாமல் கிசுகிசுக்க, அவர் எதிரில் இருப்பவரிடம் தன் வீட்டு முகவரியைச் சொல்ல முயலவேண்டும். இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. குரல்கள் கேட்கும் ஒருவரிடம் நாம் ஏன் மெதுவாகவும் சிறு வாக்கியங்களிலும் பேசவேண்டும் என்பதை அதன் பிறகு நான் விளக்கவேண்டியதே இல்லை.

---

யாழ் தாதி

இங்கே யாழ்ப்பாணத்தில் செவிலியரை நாங்கள் தாதியர் என்போம், பாகமேற்று நடித்தல் என்போம், செய்தி ஒன்றுதான். தம்பி குறிப்பிட்ட மொழி விடயத்தை ஒட்டி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நோயாளியாக நடிப்பவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசவேண்டும் என்று நான் கட்டாயப்படுத்துவேன். எங்கள் பக்கத்து அம்மம்மா “நோகுது” என்பார், “சத்தி வருது” (வாந்தி) என்பார், “வயித்தோட்டம்” (வயிற்றுப்போக்கு) என்பார். பாடத்தை ஆங்கிலத்தில் கற்ற பிள்ளை இவற்றை அறிக்கையில் எந்தச் சொல்லாக எழுதுவது என்று அங்கேயே தடுமாறிப் பழகவேண்டும். உங்கள் பக்கத்திலும் கடுப்பு, குடைச்சல், குத்தல், எரிச்சல், பிசைவு என்று வலிக்கு எத்தனையோ பெயர் இருக்கின்றன அல்லவா? அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி. பத்துக்கு எத்தனை என்று எண்ணால் கேட்பதற்கு முன், எப்படிப்பட்ட வலி என்று கேட்கத் தெரியவேண்டும். ‘வீட்டுக்குத் தூரம்’ என்று ஒரு பெண் சொன்னதை, வீடு தொலைவில் இருக்கிறது என்று எழுதிக்கொண்ட மாணவர் ஒருவரைப் பற்றி உங்கள் ஊர்த் தோழி ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு வந்தாலும், மாதவிடாய்த் தேதி அந்தத் தாளில் பதிவாகாமலே போயிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

---

வார்டு சிஸ்டர்

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது பேர் வகுப்பு. ஒருவர் எட்டு நிமிடம் பேசி, அதன் பிறகு பத்து நிமிடம் கலந்துரையாடினால், ஆளுக்குப் பதினெட்டு நிமிடம். அறுபது பேருக்கு முழுதாகப் பதினெட்டு மணி நேரம். ஒரே ஒரு சூழலுக்கு இவ்வளவு நேரத்தை எந்தக் கால அட்டவணை கொடுக்கும்? ஐந்து பேர் நடித்து ஐம்பத்தைந்து பேர் வேடிக்கை பார்க்கும் நிலை ஆசிரியரின் சோம்பலால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

---

நெல்லை டியூட்டர்

நியாயமான கணக்கு, சிஸ்டர். இந்தக் கணக்கில்தான் நானும் பல ஆண்டு சிக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் என் கண்முன்னே நடிக்கவேண்டும் என்று நினைப்பதால் வரும் சிக்கல் அது.

மூன்று மூன்று பேராகப் பிரித்தால் இருபது குழு. ஒருவர் செவிலியர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்வையாளர். இருபது குழுவும் ஒரே நேரத்தில் பேசவேண்டும். ஐந்து நிமிடம் நடிப்பு, ஏழு நிமிடம் பேச்சு, பிறகு இடம் மாற்றிக்கொள்ளவேண்டும். மூன்று சுற்றுக்கு முப்பத்தாறு நிமிடம். அறுபது பேரும் செவிலியராகவும் இருந்துவிட்டார்கள், நோயாளியாகவும் இருந்துவிட்டார்கள். அறை சந்தைக்கடைபோல் இரையும். இரைந்தால் இரையட்டும், வார்டு மட்டும் என்ன நூலகமா? யாரும் யாரையும் வேடிக்கை பார்க்க முடியாது என்பதால், தம்பி சொன்ன பட்டப்பெயர் பயமும் பெருமளவு குறைகிறது. இந்தச் சுற்றுகளுக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

அந்த ஏழு நிமிடத்தில் யார் முதலில் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பெல்லாம் நான்தான் முதலில் பேசுவேன். என் பேச்சு முடியும்போது மணி அடித்துவிடும். இப்போது நோயாளியாக இருந்தவர் முதலில் பேசவேண்டும் என்று மாற்றியிருக்கிறேன். “நீ சரியாகச் செய்தாய், தவறாகச் செய்தாய்” என்று அவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. “நீ கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை” என்பதுபோல் தனக்குள் நடந்ததை மட்டும் சொல்லவேண்டும். பிறகு செவிலியராக இருந்தவர், கடைசியாகப் பார்வையாளர். பார்வையாளருக்கு நான் கொடுக்கும் வேலையும் சிறியதுதான்: செவிலியர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை குறுக்கே பேசினார் என்று கோடு போட்டு எண்ணவேண்டும். ஆசிரியரின் அறிவுரை உறைக்காத இடத்தில் அந்தக் கோடுகள் உறைக்கின்றன.

எனக்குத் தீராத சிக்கல் வேறு. இருபது வயதுப் பெண் மாமியாராக நடிக்கும்போது, தன் தோழி திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சீக்கிரமே விட்டுக்கொடுத்துவிடுகிறாள். அட்டையில் ‘ஒத்துக்கொள்ளாதே’ என்று எழுதினாலும் இரக்கம் வென்றுவிடுகிறது. 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஆரோக்கியமான ஒருவரைப் பயிற்றுவித்து நோயாளியாக உட்கார வைத்தார். வெளிநாடுகளில் இன்று அதற்கென்றே கூலி கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் அதற்கு வழியில்லை.

---

வார்டு சிஸ்டர்

கூலிக்கு நடிகர் எதற்கு மேடம்? ஓய்வுபெற்ற வார்டு ஆயாம்மா ஒருவரைக் கூப்பிடுங்கள். முப்பது ஆண்டு பிரசவ வார்டில் இருந்தவர் ஒவ்வொரு மாமியாரின் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவார். டீச்சரின் முகத்துக்காகவெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டார். போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் மரியாதையையும் கொடுத்தால் போதும்.

---

நெல்லை டியூட்டர் (மூன்று வாரம் கழித்து)

செய்து பார்த்துவிட்டேன். சிஸ்டர் சொன்னபடி, ஓய்வுபெற்ற ஆயாம்மா ஒருவரை வரவழைத்தோம். அவருக்கு எழுத்து வாசிப்பு அதிகமில்லை என்பதால் அட்டையில் எழுதியதை வாயால்தான் சொன்னேன்: பிறந்து இரண்டு மணி நேரமான பேரன், கையில் பாலாடை, அசைக்க முடியாத நம்பிக்கை. “வேறென்ன சொல்லவேண்டும்?” என்று கேட்டார். “எதுவும் வேண்டாம், உங்களுக்குத் தோன்றுவதைப் பேசுங்கள்” என்றேன்.

முன்வந்த ஒன்பது பேரில் ஏழு பேரை நார்நாராகக் கிழித்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீரால் தொற்று வரும் என்று சொன்னவளிடம், “உன்னைப் பெற்றவள் உனக்கு என்ன கொடுத்தாள் என்று கேட்டுவிட்டு வா” என்றார். புள்ளிவிவரம் சொன்னவளிடம், “படித்த பிள்ளை, நீ சொன்னால் சரிதான்” என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பியவுடன் பாலாடையைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். வகுப்பு அதிர்ந்துவிட்டது. வார்டில் அன்றாடம் நடப்பது அதுதான் என்று அவர்களுக்கு யாரும் இதற்கு முன் காட்டியிருக்கவில்லை.

எட்டாவதாக வந்தவள், ஆகஸ்டில் அந்தப் பாட்டியின் முன்னால் வாயடைத்து நின்ற அதே மாணவி. அவள் எதையும் விளக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “பாட்டி, உங்கள் மூத்த பிள்ளைக்கு யார் சேனை தொட்டார்கள்?” என்று கேட்டாள். ஆயாம்மா தன் மாமியாரைப் பற்றிச் சொன்னார், சேனை தொடுபவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று சொன்னார், அதற்காக வீட்டில் நடந்த சண்டையைச் சொன்னார். அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் பெரிதில்லை, பேரனின் முதல் தொடுகை தன் கையாக இருக்கவேண்டும் என்பதுதான் பெரிது என்று அப்போது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மாணவி கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் பேரனைத் தூக்கி அவன் அம்மாவின் மார்பில் முதன்முதலாக வைப்பது உங்கள் கையாக இருக்கட்டும் பாட்டி; வாங்க, நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றாள். ஆயாம்மா சரி என்று சொல்லவில்லை. பாலாடையை மேசைமேல் வைத்தார்.

பிறகு நடந்த பேச்சில் ஆயாம்மாவை முதலில் பேசச் சொன்னோம். “மற்ற பிள்ளைகள் எல்லாரும் நின்றுகொண்டே பேசினார்கள்” என்று மட்டும் சொன்னார்.

---

மூன்றாமாண்டு

மேடம், அந்த இரண்டு அட்டைகளையும் இங்கே பகிர முடியுமா? எங்கள் விடுதியில் செய்து பார்க்க விரும்புகிறோம். ஆயாம்மாவுக்கு நாங்கள் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. மெஸ்ஸில் சமைக்கும் அம்மாவைக் கேட்கலாமா என்று யோசிக்கிறோம்.

---

வார்டு சிஸ்டர்

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. டியூட்டர் மேடம், பகிர்வதற்கு முன் அட்டையில் ஒன்றைத் திருத்திவிடுங்கள். சுகப்பிரசவம் என்று எழுதாமல் சிசேரியன் என்று எழுதுங்கள். எங்கள் வார்டில் சுகப்பிரசவமான தாயின் மார்பில் குழந்தையை நாங்களே வைத்துவிடுகிறோம், பாட்டிக்கு நேரம் கிடைப்பதில்லை. அறுவைக்குப் பின் தாய் மயக்கத்தில் படுத்திருக்க, குழந்தை பாட்டியின் மடியில் பசித்து அழும்போதுதான் பாலாடை வெளியே வருகிறது. அந்த நேரத்தில் மாணவி ‘தாய்ப்பால் கொடுங்கள்’ என்று சொன்னால், “யார் கொடுப்பது?” என்று பாட்டி கேட்பார். அதற்கும் அவள் பதில் தேடட்டும்.